நிஃப்டி உச்சத்தில், என் பங்குகள் பள்ளத்தில்: சந்தையின் திசையை எதை வைத்துச் சொல்வது?

ஒருவர் கேட்ட கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். தேசியப் பங்குச் சந்தையின் முக்கியக் குறியீடான நிஃப்டி பழைய உச்சத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது, டிவியில் காளைச் சந்தை என்கிறார்கள், ஆனால் கேட்டவர் கையில் இருக்கும் 14 பங்குகளில் பெரும்பாலானவை 20, 30 சதவீத நஷ்டத்தில் கிடக்கின்றன. அப்படியானால் சந்தை ஏறுமுகமா இறங்குமுகமா, அதைத் தெரிந்துகொள்ள எந்த இண்டிகேட்டரைப் பார்ப்பது?

ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது, இரண்டு வேண்டும். டிரெண்டைக் காட்ட ஒன்று, பிரெட்த்தைக் காட்ட ஒன்று. குறியீடு எந்தப் பக்கம் போகிறது என்பது டிரெண்ட். அந்தப் பயணத்தில் எத்தனை பங்குகள் கூடவே வருகின்றன என்பது பிரெட்த். வாங்கும் பக்கம் நிற்பதா, ஒதுங்குவதா என்பதை முதலாவது முடிவு செய்யட்டும். எவ்வளவு பணம், எந்த வகைப் பங்கு என்பதை இரண்டாவது முடிவு செய்யட்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஆள் மாற்றிக் கொடுத்தவர்கள்தான் பெரும்பாலும் அடி வாங்குகிறார்கள், அது எப்படி என்று பின்னால் சொல்கிறேன். (வழக்கமான பீடிகை: இது எந்தப் பங்குக்கும் பரிந்துரை இல்லை, நான் பங்குச் சந்தை ஒழுங்கு அமைப்பான செபியில் பதிவு செய்த ஆலோசகரும் இல்லை.)

முதலில் நிஃப்டி என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்க வேண்டும், ஏனென்றால் குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அது 50 பங்குகளின் சராசரி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஃப்ரீ ஃப்ளோட் சந்தை மதிப்பின்படி எடை போட்ட கணக்கு. புரமோட்டர் (நிறுவனத்தை நடத்தும் முதன்மை உரிமையாளர்) கையில் இல்லாமல் சந்தையில் புழங்கும் பங்குகளின் மதிப்பு எவ்வளவோ, அதற்கேற்ற வெயிட்டேஜ். 2023 ஜூலையில் எச்டிஎஃப்சியும் எச்டிஎஃப்சி வங்கியும் இணைந்த பிறகு அந்த ஒரு பங்கின் வெயிட்டேஜ் மட்டுமே 10 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரி 17ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காலாண்டு முடிவு பிடிக்காமல் எச்டிஎஃப்சி வங்கி 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது, நிஃப்டி 460 புள்ளி சரிந்தது. கணக்குப் போட்டால் அந்தச் சரிவில் கிட்டத்தட்ட பாதி அந்த ஒரே பங்கினுடையது. பட்டியலின் கடைசியில் இருக்கும் 20 பங்குகள் அன்று என்ன செய்திருந்தாலும் குறியீட்டில் பெரிதாகத் தெரிந்திருக்காது. இது இறங்கும்போது மட்டும் நடப்பதில்லை. ஏழெட்டு பெரிய பங்குகள் ஏறினால் மீதி அத்தனையும் படுத்துக் கிடந்தாலும் நிஃப்டி ஏறும். அதனால் டிவிக்காரர் சொல்வதும் பொய்யில்லை, உங்கள் நஷ்டமும் பொய்யில்லை, நீங்கள் இருவரும் வேறு வேறு சந்தைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்.

சரி, டிரெண்ட். இதற்கு நான் பார்ப்பது 200 நாள் நகரும் சராசரி, அவ்வளவுதான். கடந்த 200 வர்த்தக நாட்களின் முடிவு விலைகளின் சராசரி, அதாவது ஏறக்குறைய பத்து மாதத்துக் கணக்கு. குறியீடு அதற்கு மேலே இருக்கிறதா என்பதைப் போலவே, அந்தச் சராசரிக் கோடே எந்தப் பக்கம் சாய்கிறது என்பதும் முக்கியம், பலர் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விலை மேலே, கோடும் ஏறுகிறது என்றால் ஏற்றம். விலை கீழே, கோடும் இறங்குகிறது என்றால் இறக்கம். விலை கீழே வந்துவிட்டது ஆனால் கோடு இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் அது பெரும்பாலும் கரெக்ஷன் (ஏற்றத்தின் நடுவே வரும் தற்காலிகச் சரிவு), பதற்றப்படத் தேவையில்லை, ஆனால் கவனம் வேண்டும். விலை மேலே வந்துவிட்டது, கோடு இன்னும் இறங்குகிறது என்றால் நம்புவதற்கு இன்னும் நேரம் ஆகவில்லை. இதோடு வாராந்திர சார்ட்டில் ஒவ்வொரு உச்சமும் முந்தைய உச்சத்தை விட உயரமா, ஒவ்வொரு பள்ளமும் முந்தைய பள்ளத்தை விட உயரமா என்று கண்ணால் ஒரு பார்வை. 50 நாள் கோடு 200 நாள் கோட்டை வெட்டுவதற்கு கோல்டன் கிராஸ், டெத் கிராஸ் என்று பெயர் வைத்துச் செய்தி போடுகிறார்கள், செய்திக்கு அது நன்றாக இருக்கும், ஆனால் விலை ஏற்கெனவே சொல்லிவிட்டதைத்தான் அது பல வாரம் கழித்துச் சொல்கிறது. ஏடிஎக்ஸ் என்று ஒன்று உண்டு, டிரெண்டுக்கு வலு இருக்கிறதா என்று காட்டும், 25க்கு மேல் இருந்தால் வலு, 20க்குக் கீழே இருந்தால் சைடுவேஸ் (திசையில்லாமல் மேலும் கீழும் ஆடுவது) என்பார்கள். கெடுதல் இல்லை. ஆனால் அது இல்லாமலும் பிழைக்கலாம்.

இந்த எளிய கோடு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு 2008ஐ விட நல்ல பாடம் நம் சந்தையில் இல்லை. நிஃப்டி 2008 ஜனவரி 8 அன்று 6,357 தொட்டது. மார்ச்சில் 200 நாள் சராசரிக்குத் தெளிவாகக் கீழே போய்விட்டது, அப்போது குறியீடு 5,000க்குக் கீழே. உச்சத்திலிருந்து பார்த்தால் ஏற்கெனவே 20 சதவீதத்துக்கு மேல் போய்விட்டிருந்தது, அதனால் "இனிமேல் விற்று என்ன பயன்" என்றுதான் அன்று பலரும் இருந்தார்கள். மே தொடக்கத்தில் சராசரி வரைக்கும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியது. அக்டோபர் 27 அன்று 2,252. ஆக, அந்தக் கோடு உச்சத்தில் விற்கச் சொல்லவில்லை, சொல்லவும் சொல்லாது. அது தடுத்தது அதற்குப் பிறகு வந்த பாதிக்கு மேற்பட்ட இழப்பை.

திரும்பி வந்த கதை இன்னும் சுவையானது. 2009 ஏப்ரலிலேயே நிஃப்டி 200 நாள் சராசரிக்கு மேலே வந்துவிட்டது. ஆனால் மே மாதம் தேர்தல் முடிவு வரவிருந்தது, தொங்கு நாடாளுமன்றம் என்று பேச்சு, எனவே முடிவு தெரிந்த பிறகு வாங்கலாம் என்று பெரிய பெரிய நிறுவனங்களே காத்திருந்தன. முடிவு வந்தது, மே 18 திங்கட்கிழமை சந்தை திறந்ததும் அப்பர் சர்க்யூட் (ஏற்றம் அனுமதித்த வரம்பைத் தொட்டு வர்த்தகம் நிற்பது), மொத்தமாக ஒரு நிமிடம் அளவுக்குக்கூட வர்த்தகம் நடக்கவில்லை, நிஃப்டி 3,672லிருந்து 4,323க்குப் போய் நின்றது. செய்தி தெளிவாகட்டும் என்று காத்திருந்தவருக்குப் பங்கை விற்க ஆளே கிடைக்கவில்லை.

இதன் விலையையும் சொல்லிவிட வேண்டும். 2020 மார்ச் 24 அன்று 7,511 வரை விழுந்த நிஃப்டி மறுபடி 200 நாள் சராசரியைத் தாண்டியது ஜூலையில், 10,900 பக்கத்தில். அடியிலிருந்து 45 சதவீதம் ஏறிய பிறகுதான் கோடு "இப்போது சரி" என்றது. அதை விட மோசம் சைடுவேஸ் காலம். 2010 தீபாவளிக்கு 6,338 தொட்ட நிஃப்டி 2013 கடைசி வரை, முழுசாக மூன்று வருடம், அதைத் தாண்டாமல் மேலும் கீழும் ஆடியது. அந்த மூன்று வருடமும் சராசரிக் கோட்டைக் கடக்கும்போதெல்லாம் வாங்கி, விற்று என்று இருந்தவர் புரோக்கருக்குத்தான் சம்பாதித்துக் கொடுத்திருப்பார். இதைக் குறைக்க ஒரு வழி உண்டு: தினசரி முடிவை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை முடிவை மட்டும் பாருங்கள், கோட்டிலிருந்து இரண்டு மூன்று சதவீதம் விலகினால்தான் கடந்ததாக எடுத்துக்கொள்ளுங்கள். குறையும், ஒழியாது.

இனி பிரெட்த். இதில்தான் விஷயம் இருக்கிறது.

மிகப் பழைய கருவி அட்வான்ஸ் டிக்லைன் கோடு. இன்று 1,700 பங்குகள் ஏறின, 900 இறங்கின என்றால் வித்தியாசம் 800, அதை நேற்றுவரை உள்ள கூட்டுத்தொகையோடு சேர்க்க வேண்டும், தினமும் இப்படியே. ஒரு பெரிய வங்கிக்கும் ஒரு சின்ன ஸ்பின்னிங் மில்லுக்கும் இங்கே ஒரே ஓட்டு. குறியீடு புது உச்சம் போகும்போது இந்தக் கோடும் புது உச்சம் போனால் ஏற்றம் பரவலானது. கோடு பின்தங்கினால் அதை டைவர்ஜென்ஸ் என்பார்கள்.

நம் ஊர் சந்தையில் இந்தக் கோட்டை அப்படியே பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கம் உண்டு. பிஎஸ்இ எனும் மும்பை பங்குச் சந்தையில் ஒரு நாளில் 4,000க்கும் மேற்பட்ட பங்குகள் வர்த்தகமாகின்றன, அவற்றில் பாதி எவரும் ஆராய்ச்சி செய்யாத, விலையைச் செயற்கையாக ஏற்றி இறக்கும் ஆபரேட்டர்கள் விளையாடுகிற, தினமும் 5 சதவீத சர்க்யூட்டில் மேலேயோ கீழேயோ பூட்டிக் கிடக்கிற பங்குகள். அவற்றின் ஓட்டுக்கும் சம மதிப்பு கொடுத்தால் கணக்கு கெடும். அதிலும் உதவாக்கரைப் பங்குகள் ஒரு சில நாட்களில் பயங்கரமாக ஏறி மற்ற எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் சுபாவம் கொண்டவை, அதனால் எல்லாப் பங்குகளையும் சேர்த்த கோடு நீண்ட காலத்தில் கீழ்நோக்கியே சாயும், ஐந்து வருடத்துக்கு முந்தைய உச்சத்தோடு அதை ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை. எனவே நான் 500 பெரிய நிறுவனங்கள் கொண்ட நிஃப்டி 500 குறியீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நாட்டின் பட்டியலிட்ட மதிப்பில் ஆகப் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும், குப்பையும் பெரும்பாலும் வெளியே நின்றுவிடும். எந்த இண்டிகேட்டர் என்பதை விட எந்தப் பங்குக் கூட்டத்தில் அதை அளக்கிறீர்கள் என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன், இதை யாரும் கேட்பதே இல்லை.

அந்த 500இல் எத்தனை சதவீதம் தத்தம் 200 நாள் சராசரிக்கு மேலே இருக்கின்றன என்பதுதான் எனக்குப் பிடித்த ஒரே பிரெட்த் அளவுகோல். சொல்ல எளிது, பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவே நிற்கும், பத்து வருடத்துக்கு முந்தைய எண்ணோடும் ஒப்பிடலாம். 60க்கு மேலே இருந்தால் சந்தை ஆரோக்கியம். 40க்குக் கீழே போனால், நிஃப்டி எங்கே இருந்தாலும், சராசரிப் பங்கு கரடியின் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். 15க்குக் கீழே போனால் விற்க வேண்டியவர்கள் பெரும்பாலும் விற்று முடித்துவிட்டார்கள். இந்த எண்கள் என் கைக்கணக்கு, வேதவாக்கு இல்லை. துணைக்கு இரண்டு: 52 வார உச்சம் தொட்ட பங்குகள் எத்தனை, 52 வார அடி தொட்டவை எத்தனை என்ற கணக்கு ஒன்று, நிஃப்டி 50க்கும் அதே 50 பங்குகளுக்குச் சம எடை கொடுக்கும் நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் குறியீட்டுக்கும் உள்ள விகிதம் மற்றொன்று.

மெக்கிளெல்லன் ஆஸிலேட்டர் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. 1969இல் ஒரு அமெரிக்கத் தம்பதி உருவாக்கியது, ஏறின கழித்தல் இறங்கின என்ற எண்ணின் 19 நாள், 39 நாள் எக்ஸ்போனென்ஷியல் சராசரிகளின் (அண்மை நாட்களுக்குக் கூடுதல் எடை கொடுப்பவை) வித்தியாசம். சில வார வர்த்தகம் செய்பவர்களுக்கு உதவும், உங்கள் கேள்விக்குத் தேவையில்லை. டிரின் என்கிற ஆர்ம்ஸ் குறியீடு வால்யூமையும், அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையையும், சேர்த்துக்கொள்கிறது. நம்மிடம் வோடஃபோன் ஐடியா போல நாளொன்றுக்குப் பல கோடிப் பங்குகள் கைமாறுகிற குறைந்த விலைப் பங்குகள் இருக்கும்வரை அந்த எண் யாருடைய வால்யூமைச் சொல்கிறது என்றே புரியாது. தள்ளிவிடுங்கள்.

இப்போது 2018க்கு வருவோம், உங்கள் நிலைமைக்கு அச்சு அசலாகப் பொருந்துகிற வருடம் அதுதான். 2017 முழுக்க எது வாங்கினாலும் ஏறியது. 2018 ஜனவரி கடைசியில் நிஃப்டி 11,171, மிட்கேப் (நடுத்தர நிறுவனங்கள்), ஸ்மால்கேப் (சிறிய நிறுவனங்கள்) குறியீடுகளும் அந்த மாதமே உச்சம். பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு 10 சதவீத வரி வந்தது. அதற்கு முன்பே 2017 அக்டோபரில் செபி ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது: சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், அதற்குக் கீழே எல்லாம் ஸ்மால்கேப், மியூச்சுவல் ஃபண்டுகள் பெயருக்கேற்றபடி தங்கள் முதலீட்டை மாற்றிக்கொள்ள வேண்டும். லார்ஜ்கேப் என்று பெயர் வைத்துக்கொண்டு ஓரமாக மிட்கேப்பில் லாபம் பார்த்துக்கொண்டிருந்த திட்டங்கள் அவற்றை விற்றுவிட்டுப் பெரிய பங்குகளுக்கு ஓட வேண்டியிருந்தது. கூடவே சில பங்குகளை எக்ஸ்சேஞ்சுகள் கூடுதல் கண்காணிப்புப் பட்டியலில் போட்டு மார்ஜினை (வர்த்தகத்துக்குக் கட்ட வேண்டிய முன்பணத்தை) ஏற்றின. விளைவு, ஆகஸ்ட் கடைசியில் நிஃப்டி 11,760 என்று புது உச்சம் போனபோது மிட்கேப்பும் ஸ்மால்கேப்பும் ஜனவரி உச்சத்துக்கு வெகு கீழே கிடந்தன. ரிலையன்ஸ், டிசிஎஸ், எச்டிஎஃப்சி இரட்டையர், இந்துஸ்தான் யூனிலீவர் என்று விரல் விட்டு எண்ணக்கூடிய பங்குகள்தான் நிஃப்டியைத் தூக்கிக்கொண்டிருந்தன.

செப்டம்பரில் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாத சிக்கல் வெடித்தது, அக்டோபர் கடைசியில் நிஃப்டி 10,004 வரை வந்தது. பிரெட்த் முன்கூட்டியே எச்சரித்தது, பார்த்தீர்களா என்று இத்தோடு கதையை முடித்தால் அழகாக இருக்கும், பல யூடியூப் வீடியோக்கள் அப்படித்தான் முடிக்கின்றன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019 ஜூனில் நிஃப்டி 12,100. 2020 ஜனவரி 20 அன்று 12,430. ஜனவரி 2018இல் தொடங்கிய டைவர்ஜென்ஸை நம்பி நிஃப்டியில் ஷார்ட் போனவர் (விழும் என்று பந்தயம் கட்டி முதலில் விற்றவர்) இரண்டு வருடம் அடி வாங்கியிருப்பார். மறுபக்கம், நிஃப்டி 200 நாள் சராசரிக்கு மேலேதானே இருக்கிறது என்று ஸ்மால்கேப் பங்குகளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் 2019 ஆகஸ்டுக்குள் ஸ்மால்கேப் 100 குறியீட்டின் கணக்கிலேயே 40 சதவீதத்துக்கு மேல் இழந்தார், தனிப் பங்குகளைக் கேட்கவே வேண்டாம். ஆள் மாற்றி வேலை கொடுப்பது என்று மேலே சொன்னேனே, அது இதுதான். நிஃப்டி எப்போது விழும் என்று பிரெட்த்தைக் கேட்டார் முதலாமவர், தன் ஸ்மால்கேப்புக்கு ஆபத்து உண்டா என்று நிஃப்டியின் டிரெண்டைக் கேட்டார் இரண்டாமவர்.

அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சி நூறு வருடமாக நடக்கிறது, அங்கேயும் இதே கதைதான். நியூயார்க் சந்தையின் அட்வான்ஸ் டிக்லைன் கோடு 1998 ஏப்ரலில் உச்சம் தொட்டது, சந்தை உடைந்தது 2000 மார்ச்சில், கிட்டத்தட்ட இரண்டு வருட இடைவெளி. அடுத்த முறை கோடு 2007 ஜூனில் திரும்பியது, அமெரிக்காவின் முக்கியக் குறியீடான எஸ் அண்ட் பி 500 அக்டோபர் 9 அன்று, நான்கு மாதம். 2020 பிப்ரவரியில் எச்சரிக்கையே இல்லை, பிரெட்த் நன்றாக இருக்கும்போதே கோவிட் வந்து அடித்தது. ஆக, மூன்று உச்சங்களுக்கு மூன்று விதமான பதில். உச்சத்தைக் கண்டுபிடிக்க பிரெட்த்தை மட்டும் நம்புகிறவர் இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேஜையில் ஒட்டிக்கொள்ளலாம்.

ஆனால் அடிமட்டத்தில் இதே கருவி வேறு மாதிரி வேலை செய்கிறது, இங்கேதான் அதற்கு உண்மையான மதிப்பு என்பது என் கருத்து. காரணம் எளிது. உச்சத்தில் பங்குகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன, ஒவ்வொரு துறைக்கும் ஒரு நேரம், மாதக்கணக்கில் ஆகும். பயம் அப்படி இல்லை, எல்லோரையும் ஒரே வாரத்தில் பிடிக்கும், மார்ஜின் கால் (கடனில் வாங்கியவரிடம் புரோக்கர் கூடுதல் பணம் கேட்பது) வந்தால் நல்ல பங்கும் கெட்ட பங்கும் சேர்ந்தே விற்கப்படும். 2020 மார்ச் 23 அன்று லோயர் சர்க்யூட் விழுந்து, மறுபடி திறந்து, நிஃப்டி 13 சதவீதம் சரிந்து 7,610இல் முடிந்தபோது 200 நாள் சராசரிக்கு மேல் இருந்த பங்குகள் ஒற்றை இலக்கச் சதவீதம்தான். அத்தகைய எண் வருவது அபூர்வம், வந்தால் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்காக அன்றே வாங்கச் சொல்லவில்லை, 2008 அக்டோபரிலும் பிரெட்த் பாதாளத்தில்தான் இருந்தது, சந்தை எழ ஐந்து மாதம் ஆனது. பார்க்க வேண்டியது இரண்டாவது முறை அடி தொடும்போது என்ன நடக்கிறது என்பதை. 2009 மார்ச் 9 அன்று சென்செக்ஸ் 8,160இல் முடிந்தது, அது அக்டோபர் 27இன் முடிவான 8,509ஐ விடக் கீழே. ஆனால் அதே நாளில் நிஃப்டி 2,573, அக்டோபர் முடிவான 2,524ஐ அது உடைக்கவில்லை. 30 பங்குக் குறியீடு புது அடி, 50 பங்குக் குறியீடு இல்லை. பெரிய பங்குகளில் விற்பனை தொடர்ந்தாலும் பரவலான விற்பனை வற்றிவிட்டது என்பதன் அடையாளம் அது. அடுத்த மாதமே டிரெண்ட் கோடும் ஆமாம் என்றது.

அடியிலிருந்து எழும் வேகத்தை அளக்கவும் ஒன்று உண்டு, மார்ட்டின் ஸ்வைக் உருவாக்கிய பிரெட்த் திரஸ்ட். ஏறிய பங்குகளை ஏறியவையும் இறங்கியவையும் சேர்ந்த எண்ணால் வகுத்து, அதன் 10 நாள் எக்ஸ்போனென்ஷியல் சராசரி எடுத்தால், அது 0.40க்குக் கீழிருந்து 0.615க்கு மேல் பத்து வர்த்தக நாட்களுக்குள் போக வேண்டும். அமெரிக்காவில் டிரம்ப் வரிப் பதற்றத்துக்குப் பிறகு 2025 ஏப்ரல் 24 அன்று இது வந்தது, அதன் பின் சந்தை நன்றாகவே ஏறியது. அந்த 0.615ஐ அப்படியே நம் சந்தைக்குப் போடாதீர்கள், நம்மிடம் பங்குக் கூட்டமும் சர்க்யூட் விதிகளும் வேறு, எண்ணை நம் தரவில் சோதித்துத்தான் வைக்க வேண்டும். ஒரு நாள் எண்ணையும் நம்பாதீர்கள். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாளில் நிஃப்டி 1,379 புள்ளி விழுந்தது, பார்க்கும் இடமெல்லாம் சிவப்பு. ஜூன் 7 அன்று, மூன்றே வர்த்தக நாட்களில், பழைய இடத்துக்கு மேலே வந்துவிட்டது.

இன்னொரு பொறி. ஸ்மால்கேப் குறியீடு ஏறுகிறதே, பிரெட்த் நன்றாகத்தானே இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. ஸ்மால்கேப் 100ம் எடை போட்ட குறியீடுதான், அதிலும் மேலே இருக்கும் பத்துப் பங்குகள் மற்றவற்றை மறைக்கும். 2024 செப்டம்பர் 27 அன்று 26,277 தொட்ட நிஃப்டி அக்டோபரில் அந்நிய நிதி நிறுவனங்களின் விற்பனையில் சரிய ஆரம்பித்துவிட்டது. ஸ்மால்கேப் 100 டிசம்பரில் புது உச்சம் போனது. சின்னப் பங்குகள் தப்பித்துவிட்டன என்று அப்போது எழுதாதவர்கள் குறைவு. 2025 மார்ச் தொடக்கத்துக்குள் அந்தக் குறியீடு கால் பங்கு காலி. நிஃப்டியும் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை தொடர்ந்து ஐந்து மாதம் இறங்கியது, 1996க்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. பங்குகளை எண்ணிப் பார்ப்பதற்குப் பதிலாக இன்னொரு குறியீட்டைப் பார்ப்பது பிரெட்த் ஆகாது.

இரண்டையும் சேர்த்து எப்படி முடிவெடுப்பது என்றால், நான்கு நிலைகள்தான். டிரெண்ட் மேலே, பிரெட்த்தும் 60க்கு மேல் என்றால் யோசிக்க வேண்டாம், முழுதாக உள்ளே இருக்கலாம், இந்தக் காலத்தில் பயந்து வெளியே நிற்பதுதான் பெரிய நஷ்டம். டிரெண்ட் கீழே, பிரெட்த்தும் 40க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது என்றால் பணம் கையில், "மலிவாகக் கிடைக்கிறது" என்ற ஆசையை அடக்க வேண்டும். டிரெண்ட் மேலே, பிரெட்த் நலிகிறது என்பது உங்கள் நிலை. இதில் நிஃப்டி ஈடிஎஃப்பை (நிஃப்டியை அப்படியே பின்பற்றி, சந்தையில் பங்கு போல வாங்கி விற்கும் ஃபண்டை) விற்க வேண்டியதில்லை, ஆனால் புதிதாக ஸ்மால்கேப் வாங்குவதை நிறுத்த வேண்டும், இருப்பவற்றுக்கு ஸ்டாப்லாஸ் (இந்த விலைக்குக் கீழே போனால் விற்றுவிடு என்ற ஆணை) இல்லையென்றால் இன்றே போட வேண்டும், விழுந்த பங்கில் ஆவரேஜ் பண்ணுவது (சராசரி விலையைக் குறைக்க மேலும் வாங்குவது) கூடவே கூடாது. நான்காவது, டிரெண்ட் இன்னும் கீழே, ஆனால் பிரெட்த் 15க்குக் கீழே போய்விட்டு 30, 35 என்று ஏறுகிறது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த நிலை, செய்தித்தாள் எல்லாம் கறுப்பாக இருக்கும், பணத்தை நான்காகப் பிரித்து முதல் பங்கைப் போடலாம், மீதியை நிஃப்டி சராசரியைத் தாண்டும்வரை வைத்துக்கொள்ளலாம்.

செய்முறை கஷ்டமில்லை, சனிக்கிழமை அரை மணி நேரம் போதும். சார்ட்இங்க் போன்ற தளத்தில் நிஃப்டி 500 பங்குகளில் முடிவு விலை 200 நாள் சராசரிக்கு மேல் உள்ளவை என்று ஒரு ஸ்கேன் எழுதினால் எண்ணிக்கை வந்துவிடும், 500ஆல் வகுத்து எக்செல்லில் போட்டுவைக்கலாம். புதிதாகப் பட்டியலான ஐபிஓ பங்குகளுக்கு 200 நாள் விலையே இருக்காது, அவற்றை வகுக்கும் எண்ணிலிருந்தும் கழித்துவிடுங்கள். போனஸ், ஸ்பிளிட் நடந்த பங்கின் பழைய விலை சரிசெய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் 1:1 போனஸ் கொடுத்த நல்ல பங்கு பாதி விலைக்கு விழுந்ததாகக் கணக்கில் வரும். பழைய வருடங்களைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டால் ஒரு எச்சரிக்கை: குறியீட்டின் பட்டியல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது, இன்றைய 500ஐ வைத்து 2018ஐச் சோதித்தால் இடையில் செத்துப்போன பங்குகள் கணக்கிலேயே வராது, பிரெட்த் உண்மையில் இருந்ததை விட அழகாகத் தெரியும்.

கடைசியாக உங்கள் 14 பங்குகள். நிஃப்டிக்குச் செய்த அதே சோதனையை அவற்றுக்கும் செய்யுங்கள்: எத்தனை தத்தம் 200 நாள் சராசரிக்கு மேலே இருக்கின்றன, அந்தச் சராசரிகள் எந்தப் பக்கம் சாய்கின்றன? 14இல் மூன்று நான்குதான் மேலே என்றால், நிஃப்டி நாளைக்கே புது உச்சம் போனாலும் உங்கள் சந்தை இறங்குமுகத்தில் இருக்கிறது. அந்த மூன்று நான்கை வைத்துக்கொள்ளுங்கள், விலையும் கீழே, கோடும் இறங்குமுகம் என்று இருப்பவற்றை வாங்கிய விலையைப் பார்க்காமல் ஒவ்வொன்றாக எடைபோடுங்கள். குறியீட்டு ஃபண்டில் மாதாமாதம் போகும் எஸ்ஐபி (தவணை முதலீடு) இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பாட்டுக்குப் போகட்டும்.